ஏகமனதுக்கு அடங்காத டாக்டர்

கிள்ளானிலிருந்து வந்த காலை ரயிலின் கார்டு, வண்டியை விட்டு இறங்கும்போதே, ஸ்டேஷனில் நின்ற என்னிடம், "உங்க டாக்டர் காலமாயிட்டாருங்க" என்றார். டாக்டர் அருளப்பனை என்னிடம் எல்லோரும் 'உங்க டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். அவருக்கு வேறு நண்பர் கிடையாது.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நம் பிரிக்பீல்ட்ஸ் சங்கத்தின் வழக்கம் தெரியும். யார் என்ன பேசினாலும், கை தூக்கி ஏகமனதாகத் தீர்மானம் போட்ட பிறகுதான் காப்பி. அந்த மேடையில் ஒருநாள் அவர் சொன்னார்: "கிள்ளான் சதுப்புல காட்ட வெட்டுனோம், காய்ச்சல் போச்சு. மலையடித் தோட்டத்துல வெட்டுனா காய்ச்சல் கூடும். அங்க இருக்கறது வேற கொசு. வெயில் படுற ஓடையிலதான் அது முட்டையிடும்."

சபை கொதித்தது. எங்கும் காட்டை வெட்டச் சொன்னவர் பெரிய துரை. எங்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கார் சம்பளக்காரர்கள். "துரைக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!" என்றார் பொருளாளர். டாக்டர் சொன்னது தவறு என்று தீர்மானம் வந்தது. எதிர்த்துக் கை தூக்கியது நான் ஒருவன்தான். அதுவும் பொருளாளரை எனக்குப் பிடிக்காது என்பதால். ஆனாலும் ஏகமனது என்றே அறிவித்தார்கள்.

"நீங்க கை தூக்குனா கொசு கேட்டுக்குமா?" என்று டாக்டர் சிரித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.

உலு லங்காட் மலையடித் தோட்டத்தில் ஓடையோர மரங்களையாவது விட்டுவையுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்தார். வெட்டினார்கள். அடுத்த மழைக்குள் தொழிலாளர் லயங்களில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். நான் போயிருந்தபோது ஓடைநீரை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு காட்டினார். "பாருங்க வேலு, கொசுப்புழு நெளியுது." அன்று காலைதான் ஒரு தாயையும் பிள்ளையையும் அடக்கம் செய்திருந்தார்கள்.

சில வருடங்கள் கழித்து வேறொரு துரை டாக்டர் சொன்னதையே சொன்னார். உடனே நம் சங்கம் டாக்டரை அழைத்து, மாலை போட்டு, அவர் கருத்து சரியென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அவர் காப்பியைத் தொடவில்லை. ஸ்டேஷன் வரை கூடவே நடந்தேன்.

"அன்னிக்கும் துரை சொன்னதுக்குத்தான் கை தூக்கினாங்க, இன்னிக்கும் அதுக்குத்தான். அந்த ஓடையில இறங்கிப் பாக்க ஒருத்தரும் வரலையே, வேலு" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். அதன்பின் சங்கத்துக்கு அவர் வரவேயில்லை.

ஞாயிறுதோறும் அவரைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போவேன். நான் வாய் திறந்தாலே, "அத நீங்க பாத்தீங்களா?" என்று மடக்குவார். பல நாள் கோபித்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

இப்போது சங்கத்துக்கு நான் தலைவர். நான் எதைச் சொன்னாலும் நீங்கள் எல்லோரும் சரி என்கிறீர்கள்; 'அத நீங்க பாத்தீங்களா?' என்று ஒருவரும் கேட்பதில்லை. வீட்டுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.