சூடு இறங்காத சிவப்பு ட்ரக்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் சந்தில், புல்வெட்டும் மெஷினும் மருந்தடிக்கும் மெஷினும் வாசல்வரை அடுக்கிக் கிடக்கும் கடை நிஷாந்தினியுடையது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு டவுனில் சிறிய எஞ்சின் திருத்தும் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த வகுப்பில் பெண் என்று இருந்தது அவள் ஒருத்திதான். படித்து முடித்து, இன்னொருவர் கடையில் சில வருஷம் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகவே கடை போட்டுவிட்டாள். இப்போது வயது முப்பத்திரண்டு. சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு மெஷின் நின்றுவிட்டால், "நிஷாந்தினிகிட்ட கொண்டு போ" என்பதுதான் முதல் பேச்சு.

அவளுடைய புருஷன் ரமேஸ் தேயிலை பெக்டரியில் லொறி ஓட்டுகிறவன். "நான் பெரிய லொறி, அவ சின்ன லொறி" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான். சின்ன லொறி என்று அவன் சொன்னது ஒரு ரிமோட் ட்ரக். ஒரு முழ நீளம், சிவப்பு நிறம், குண்டு குண்டாக நாலு சக்கரம். பற்றரியில் ஓடும் விளையாட்டுச் சாமான் மாதிரி இல்லை அது. நைட்ரோ எண்ணெய் குடித்து, நீலப்புகை கக்கி, காது கிழியக் கத்திக்கொண்டு ஓடும். உள்ளே இருக்கும் எஞ்சின் ஓர் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பண்டாரவளைக்காரர் ஒருவர் அதைத் திருத்தக் கொடுத்துவிட்டு, வெளிநாடு போகும் அவசரத்தில், "நீங்களே வச்சுக்குங்க" என்று விட்டுப்போனார். திருத்திவிட்டு ஓட்டிப் பார்த்தவளுக்கு அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் பேசாமல் இருப்பார்களா? கல்யாணம் முடித்த பொம்பளை பொம்மை ஓட்டுகிறாள் என்று பேசினார்கள். நிஷாந்தினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊவா மாகாணம் முழுவதுமாக இப்படி ட்ரக் வைத்திருக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போட்டி வைப்பார்கள். பண்டாரவளையில் நடந்த போட்டியில் அவள் மூன்றாவதாக வந்தாள். அடுத்தது பதுளையில். சொந்த ஊர் என்பதால் இந்த முறை பெக்டரி ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வருவதாக ரமேஸ் சொல்லிவைத்திருந்தான்.

போட்டிக்கு முந்தின வாரம், மைதானத்தில் ட்ரக்கை ஓட்டிப் பார்க்கப் போனாள். நாலு சுற்று நன்றாக ஓடியது. ஐந்தாவது சுற்றில் இழுவை குறைந்து, முனகி, நின்றேவிட்டது. எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். விழுந்த மாத்திரத்தில் சுர்ரென்று மறைந்தது. சரியான சூட்டில் இருக்கும் எஞ்சினில் அந்தச் சொட்டு கொஞ்ச நேரம் நின்று கொதித்துத்தான் வற்ற வேண்டும்.

அவளுக்குக் கவலையே வரவில்லை. காரணம் கையில் இருக்கிறது என்று நினைத்தாள். இந்த எஞ்சினுக்குள் போகும் காற்றும் எண்ணெயும் ஓர் அளவில் கலக்க வேண்டும். எண்ணெயின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஊசி போல ஒரு திருகாணி உண்டு. எண்ணெய் குறைந்தால் வேகம் வரும், கூடவே சூடும் ஏறும். ஏனென்றால் எஞ்சினை வழுக்க வைப்பதும் குளிர்த்துவதும் அந்த எண்ணெய்தான். பண்டாரவளை மேட்டு ஊர், காற்று மெல்லிசு. அதற்கேற்ப அங்கே எண்ணெயைக் குறைத்திருந்தாள். பதுளை பள்ளத்தில் இருக்கிறது, இங்கே காற்று அடர்த்தி. ஊசியைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

திறந்தாள். புகை கூடியது. சூடு இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தாள். எஞ்சின் குளிராக இருக்கும்போது எண்ணெயில் மூழ்கித் திக்கியது, சூடானதும் பழையபடி கத்தியது.

மபாஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பஸாரில் பெயின்ட் கடை வைத்திருப்பவன், பண்டாரவளையில் முதலாவதாக வந்தவன். வண்டியோட்டத்தில் போட்டி இருந்தாலும் பேச்சில் பிரியமானவன்; நிஷாந்தினி அவனை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுவாள்.

"என்ன தங்கச்சி, இன்னும் சுடுதா?"

"சுடுது நானா. ஊசியத் தொறந்தும் கேக்க மாட்டேங்குது."

"எஞ்சின் தலைய மாத்துங்க. பெரிய தகடு வச்ச தலை ஒண்டு என்கிட்ட சும்மா கெடக்கு. காத்து பட்டுச் சூடு தன்னால எறங்கும்."

நிஷாந்தினி கொஞ்சம் யோசித்தாள். "வேணாம் நானா. சூடு எங்கருந்து வருதுன்னு தெரியாம தலைய மாத்துனா, உள்ளுக்க வெந்துகிட்டே இருக்கும். வெளிய மட்டும்தான் தெரியாது."

"உங்க இஷ்டம்" என்று சிரித்தான் மபாஸ்.

அவளுக்கு உதவியாக ரமேஸ் வீட்டிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்து கொடுத்தான். கொரோனா காலத்தில் பெக்டரி வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்த்த துப்பாக்கி. எஞ்சினுக்கு நேரே பிடித்தால் எண்ணே காட்டவில்லை, சிவப்பாக மின்னி அலறியது.

"காய்ச்சல் கூடிப்போச்சாம்" என்றான் ரமேஸ். நிஷாந்தினி சிரித்துவிட்டாள். பிறகு மபாஸ் தன்னுடைய வெப்பமானியைக் கொடுத்தான். அது நூற்று நாற்பது பாகை காட்டியது. நூற்றுப் பத்து அளவில் நிற்க வேண்டிய எஞ்சின்.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம்வரை அவளுக்கு விடை கிடைக்கவில்லை. எண்ணெயைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள், அதன் கம்பி சாம்பல் பூத்து நெளிந்திருந்தது. புதிது போட்டாள். எண்ணெய் வடிகட்டியைக் கழுவினாள். சைலன்சரிலிருந்து எண்ணெய்த் தாங்கிக்குப் போகும் ட்யூபில் வெடிப்பு உண்டா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. நாளைக்கு வரப்போகிற பெக்டரி ஆட்களை நினைத்து ரமேஸுக்குத்தான் கவலை பிடித்தது.

"நிஷா, இந்தத் தடவ விட்டுருவோமா? அடுத்த போட்டிக்குப் பாத்துக்கலாம்."

"விடுறதுக்கு இன்னும் பொழுது இருக்குங்க" என்றாள். "கொஞ்சம் பேசாம இருங்க, அது கத்துறதக் கேக்கணும்."

கடை வாசலில் ட்ரக்கைக் கட்டையில் தூக்கி வைத்து, எஞ்சினைச் சூடாக்கி, முடுக்கிவிட்டு, சட்டென்று கையை எடுத்தாள். சத்தம் உடனே இறங்க வேண்டும். இறங்கவில்லை. கொஞ்ச நேரம் மேலேயே நின்று கத்திவிட்டு, மனமில்லாமல் இறங்கியது. மறுபடியும் செய்தாள். மறுபடியும் அப்படியே.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. காற்றையும் எண்ணெயையும் கலந்து கொடுக்கும் காபரேட்டரின் வாயை மூடிய பிறகும் எஞ்சின் மூச்சு விடுகிறது. அவள் கொடுக்காத காற்றை அது வேறெங்கோ இருந்து எடுக்கிறது. எண்ணெயை எவ்வளவு கூட்டினாலும், அந்தத் திருட்டுக் காற்று கலந்து கலவையை மெலிய வைத்துவிடுகிறது. சூடு ஏற ஏற உலோகம் விரிந்து, ஓட்டையும் பெரிதாகிறது. அதனால்தான் குளிரில் திக்கி, சூட்டில் கத்துகிறது.

எஞ்சினைக் கழற்றினாள். புகை போகும் வாயையும் காற்றுப் போகும் வாயையும் ரப்பரால் அடைத்தாள். எண்ணெய் வரும் துளையில் ட்யூப் மாட்டி, ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை உள்ளே அமுக்கினாள்.

"ஊதுங்க" என்று ட்யூபின் மறுமுனையை ரமேஸிடம் கொடுத்தாள்.

"நான் ஊதுறதா?"

"லொறி டயருக்குக் காத்து அடிக்கிற ஆளுதானே. மெதுவா ஊதுங்க."

ஊதினான். முன் பேரிங்கிலிருந்து ஒன்றிரண்டு குமிழி வந்தது. அது எந்த எஞ்சினிலும் வருவதுதான். ஆனால் காபரேட்டர் எஞ்சினோடு சேரும் கழுத்தைச் சுற்றி, அரிசி கொதிக்கிற மாதிரி, குமிழி வரிசையாகக் கிளம்பியது.

"அங்க பாருங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் ரமேஸ் அவள் முகத்தைப் பார்த்ததும் ட்யூபை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவனும் சிரித்தான்.

கழுத்தில் இருந்த ரப்பர் வளையம் காய்ந்து, தட்டையாகி, ஓரிடத்தில் வெடித்திருந்தது. பண்டாரவளைப் போட்டிக்குப் பிறகு காபரேட்டரைக் கழுவிப் பூட்டியபோது பழைய வளையத்தையே திரும்பப் போட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. புல்வெட்டும் மெஷின் சாமான் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, அதே அளவில் ஒரு புது வளையம் எடுத்துப் போட்டாள். தண்ணீர் பட்ட எஞ்சினைத் துடைத்து, பேரிங் துருப்பிடிக்காமல் எண்ணெய் விட்டு, மறுபடியும் பூட்டினாள். ஊசியை முதலிலிருந்து வைத்தாள், எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவே. பொழுது சாயும் நேரம் மைதானத்தில் ஓட்டியபோது நீலப்புகை ஒரு கோடு மாதிரிப் பின்னால் நீண்டது. வெப்பமானி நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. கையை எடுத்ததும் சத்தம் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். டயர்களை அடுக்கி, மண்மேடு போட்டு, பாதை அமைத்திருந்தார்கள். பெக்டரி ஆட்கள் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். ரமேஸின் கூட்டாளி அழகையா, கவிழும் வண்டிகளை நிமிர்த்திவிட வளைவில் நின்றான். புறப்படும்போது நிஷாந்தினி இரண்டாவதாக இருந்தாள், முன்னால் மபாஸ். பாதி ஓட்டத்தில் மண்மேட்டில் அவனைத் தாண்டப் போய், சிவப்பு ட்ரக் பறந்து தலைகீழாக விழுந்தது. வழக்கமாக அப்படி விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். இது சக்கரம் மேலே சுழல, அமைதியாக உறுமிக்கொண்டே கிடந்தது. அழகையா ஓடிப்போய் நிமிர்த்தினான். அதற்குள் நாலு வண்டி தாண்டிவிட்டது.

ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பிந்திய சுற்றுகளில் மற்ற வண்டிகள் வெயிலில் சோர்ந்து இழுத்தபோது அவளுடையது முதல் சுற்றில் ஓடிய மாதிரியே ஓடியது. கடைசி வளைவில் மபாஸின் வால் தெரிந்தது. தாண்ட இடம் போதவில்லை. இரண்டாவதாக வந்தாள். வேலியோரம் கைதட்டு ஓய நேரமானது. பொம்மை என்று பேசியவர்களில் இரண்டு பேரும் வந்திருந்து, கடைசிவரை வேலியை விட்டு நகரவேயில்லை என்று அழகையா பிறகு சொன்னான்.

மபாஸ் தன் ட்ரக்கைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். "விழாம இருந்தா நீங்கதான் தங்கச்சி. நான் ஒத்துக்கொள்றன்."

"விழுந்தது என் கைத் தப்பு, நானா. எஞ்சின் ஒண்ணும் பண்ணல."

"அடுத்தது வெல்லவாயாவில. அது இன்னும் பள்ளம். என்ட எஞ்சினையும் கொஞ்சம் பாத்துத் தருவீங்களா?"

"கொண்டாங்க. சரியாத்தான் வச்சுத் தருவேன். ஆனா அங்க நானும் ஓடுறேன். தோத்தா என்னையச் சொல்லக்கூடாது."

"பேச்சு மாற மாட்டன்" என்றான் அவன்.

திங்கட்கிழமை காலை அவள் கடையைத் திறந்தபோது, மபாஸின் ட்ரக் கடதாசிப் பெட்டியில் வந்து வாசலில் காத்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு மருந்தடிக்கும் மெஷின் வரிசையில் இருந்தது. அதைத்தான் முதலில் எடுத்தாள்.