ஏழாவது கேள்விக்கு நான் சொன்ன பதில்

யாராவது சிரித்தால் எனக்குப் பயமாக இருந்தது. அதுதான் என் வியாதி. சபைப் பத்திரிகையில் இதை வாசித்து நீங்களும் சிரிப்பீர்கள், தெரியும். நம் சபையில் கல்யாணமோ, ஞாயிறு பாடசாலை விழாவோ, மைக்கைப் பிடிக்கிறவன் இந்த ராஜன்தான். கதிரை வாடகைக்குக் கொடுப்பது என் தொழில். கதிரையில் உட்கார்ந்தவர்களைச் சிரிக்க வைப்பது இலவசம். ஐம்பத்திரண்டு வயதுவரை ஆண்டவர் எனக்கு வேறு திறமை எதையும் தரவில்லை. அப்படிப்பட்ட நான் போன வருஷக் கடைசியில் ஒன்றரை மாதம் ஒரு பகிடிகூடச் சொல்லவில்லை. எதிரே யாராவது சிரித்தால் அவர்களுடைய கையைத்தான் பார்ப்பேன். கை கன்னத்துக்குப் போனால் அந்த இடத்தை விட்டே எழுந்து போய்விடுவேன்.

போதகர் ஐயா, நான் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர்ந்துவிட்டேன் என்று நினைத்தார். என் மனைவி ஸ்டெல்லா சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்கச் சொன்னாள். இரண்டும் இல்லை. நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அது என்னை விடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

பல் வைத்தியராகப் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, அங்கே மேல் வகுப்பில் இருக்கும் மாணவர்களே ஒரு பாடம் நடத்துகிறார்கள். சனங்களுக்குச் சேவை செய்துகொண்டே தொழிலைக் கற்றுக்கொள்ளும் பாடம். ஏற்பாடு, வேன், சாப்பாடு எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. மேற்பார்வைக்கு ஒரு டொக்டர் மட்டும் மூலையில் உட்கார்ந்திருப்பார். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துக்கு வருவார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில்தான் முகாம். கதிரை எல்லாம் முழங்கால் உயரம். அதில் உட்காருவதற்கே ஒரு விசுவாசம் வேண்டும்.

புதுப் பிள்ளைகள் ஒரு பல்லையும் தொடக் கூடாது. படிவத்தில் இருக்கும் பத்துக் கேள்விகளைக் கேட்க வேண்டும், டோர்ச் அடித்து வாயைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் டொக்டரிடம் அனுப்ப வேண்டும். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குச் சிங்களம்தான், தமிழ் தெரியாது. அதனால் போதகர் ஐயா என்னை மொழிபெயர்க்க அனுப்பினார். "இவரு வாய் ரெண்டு பாஷையிலயும் சும்மா இருக்காது" என்று சான்றிதழும் கொடுத்தார்.

ஏழாவது கேள்வி இது: வாயில் இரண்டு கிழமைக்கு மேல் மாறாத புண்ணோ எரிச்சலோ இருக்கிறதா?

தீபாவளி கழிந்த முதல் சனிக்கிழமை. மழை. நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஒரே பத்துக் கேள்வியை நாற்பது தடவை கேட்டுப் பாருங்கள், தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு நான் ஏழாவதைக் கேட்பதையே விட்டுவிட்டேன். எல்லாரும் இல்லை என்றுதானே சொல்கிறார்கள் என்று, நானே சிங்களத்தில் "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிப் புண் வருவது பெரும்பாலும் வெற்றிலை போடுகிறவர்களுக்குத்தான், அவர்கள் அவமானப்படக் கூடாது என்று ஒரு பரிதாபமும் இருந்தது. என் வாயிலேயே அப்போது வெற்றிலை இருந்தது.

கடைசியாக வந்தவள் தனலெட்சுமி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பச்சைச் சால்வை. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோது, சந்துனி என்ற பிள்ளையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சந்துனி புதிதாகப் படிக்க வந்தவள், தெற்குப் பக்கத்துப் பிள்ளை. நான் மொழிபெயர்க்க, ஆறு கேள்வி முடிந்தது. ஏழாவதைச் சந்துனி சிங்களத்தில் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் தனலெட்சுமி வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் சோறு பட்டா நெருப்பு வச்ச மாதிரி எரியுதுண்ணே."

"அது வாயில உள்ள கொற இல்லம்மா, ஒங்க வீட்டுக்காரரு சமையலு. கொச்சிக்கா ஒறைப்ப கொறைக்கச் சொல்லுங்க."

வாசலில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி கத்தினாள்: "எந்த வீட்டுல ராஜன் அண்ணே ஆம்பள சமைக்குறாரு? அந்த வீட்டு வெலாசத்தக் குடுங்க!"

தனலெட்சுமியும் சிரித்தாள். சிரிக்கும்போது கையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

என்ன சொன்னாங்க என்று சந்துனி கேட்டாள். "ஒன்றும் இல்லை. இல்லை என்று போடுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னேன். தனலெட்சுமி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எழுந்து மழையில் இறங்கிப் போனாள்.

அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முகாம் முடிந்ததும் குட்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். ஒவ்வொருவரும் அன்றைக்குத் தான் செய்த ஒரு பிழையை எழுதி வாசிக்க வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது. ஆறுதலும் சொல்லக் கூடாது. சபையில் முப்பது வருஷம் இருந்தும் இப்படி ஒரு காரியத்துக்கு நான் உட்கார்ந்ததில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்துனியின் முறை வந்தது. சிங்களத்தில் வாசித்தாள். "கடைசியா வந்த பச்சைச் சால்வை அக்கா சிரிக்கும்போது கன்னத்தைப் பிடிச்சாங்க. நான் கண்டேன். ஆனா அங்கிள் இல்லைன்னு சொன்னதால கன்னத்து உள்பக்கம் டோர்ச் அடிச்சுப் பாக்கல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், உண்மையா அவங்க என்ன சொன்னாங்க?"

"சமையலப் பத்தி ஏதோ பகிடி, மகள்."

அந்தப் பொய்தான்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது என் அண்ணனின் ஞாபகம் வந்தது. தேவராஜ் அண்ணனை உங்களில் பல பேருக்குத் தெரியும். அவர் இறந்து ஒன்பது வருஷம். வாயில் புற்றுநோய் என்று தெரிய வருவதற்கு முன்பே சிரிக்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். நான் அதை மேடையில் நடித்துக் காட்டி உங்களையெல்லாம் சிரிக்க வைத்தேன். அண்ணனும் முதல் வரிசையில் இருந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். கடைசியில் வைத்தியர்கள் தாடையில் பாதியை எடுத்தார்கள். பிறகு அந்த முகத்தில் சிரிக்க இடமே இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து கண்ணாடியில் முகம் மழிக்கும்போது என் கை கன்னத்துக்குப் போனால் அது அண்ணனின் கையாகத் தெரிந்தது. சந்தியில் பச்சைச் சால்வை கண்டால் பின்னால் நடப்பேன். ஒரு தடவை ஒரு பொம்பிளை திரும்பிப் பார்த்து, குடையை ஓங்கினாள். நியாயம்தான்.

திங்கட்கிழமை தோட்டத்துக்குப் போய், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வீடு வீடாகக் கேட்டேன். மூன்று தனலெட்சுமி இருந்தார்கள். மூன்று பேரில் யாரும் அவள் இல்லை. ஒருத்தி சொன்னாள், "அவ இந்தத் தோட்டமே இல்லண்ணே. தீவாளிக்கு அக்கா வீட்டுக்கு வந்தவ. அக்காவும் இப்ப கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டா. இவ எங்கயோ ஹோட்டல்ல வேலன்னு சொன்னா."

எங்கள் மாத்தளை மாவட்டத்தில் ஹோட்டலுக்கா குறை? நாலந்தாவிலிருந்து தம்புள்ளைவரை ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கம் எல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு கடைக்காரர் நான் சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்து ஓடிப்போய்த் தலைக்குத் தொப்பி போட்டார். அவள் இல்லை.

ஜெபித்தேன். ஆனால் எப்படி ஜெபித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். "ஆண்டவரே, அவளைக் காட்டும். என்னைக் காட்டிக் கொடுக்காதேயும்." வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் முழங்காலில் நின்று இதைத்தான் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

இரண்டு கிழமை கழித்து அடுத்த முகாம். வட்டத்தில் சந்துனி அதே பிழையை மறுபடி வாசித்தாள். பச்சைச் சால்வை அக்கா, கன்னம், டோர்ச் அடிக்கவில்லை. கூட்டம் நடத்திய மூத்த மாணவன், இன்றைக்குச் செய்த பிழையை மட்டும் சொல்ல வேண்டும் என்றான். "இது இன்னும் முடியல" என்றாள் அவள். அதற்கு அடுத்த முகாமிலும் அதையே வாசித்தாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. என் பிழையைத் தன் கொப்பியில் எழுதி, தன் வாயால் வாசித்துக்கொண்டிருந்தது.

அந்த மூன்றாம் தடவை என்னால் முடியவில்லை. எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன். குட்டிக் கதிரையில் என் இடுப்பு சிக்கிக்கொண்டது. எழுந்தால் கதிரையும் கூட வருகிறது. ஆண்டவரிடமிருந்து ஓடிய யோனாவை நிறுத்த ஒரு மீன் தேவைப்பட்டது. எனக்குப் பிள்ளைக்காம்பராக் கதிரை போதும் என்று ஆண்டவர் நினைத்திருக்கிறார். உட்கார்ந்தேன். வாய் தானாகத் திறந்தது.

"சந்துனி மகள் பொய் வாசிக்குது. அது அவளோட பிழை இல்ல. அந்த அம்மா எரியுதுன்னு சொன்னாங்க. நான்தான் இல்லன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நீங்க கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னேன். என் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுதான்.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. சட்டம் சட்டம்தான். சந்துனி எழுந்து படிவங்கள் வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்தாள். தேடி ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். பல்லோடு சம்பந்தமில்லாத ஒரு கேள்வியும் கேட்டுப் பின்பக்கம் எழுத வேண்டும் என்பது அவர்களுக்கு ஒரு பயிற்சி. என்ன வேலை என்று அவள் கேட்டிருக்கிறாள். பதில் அங்கே இருந்தது: சீகிரியா, குளத்துக்குப் பக்கத்து விருந்தினர் விடுதி, துணி துவைக்கிற வேலை.

"இது இங்கயா இருந்துச்சு?" என்றேன்.

"ஆமா அங்கிள். ஆனா ஏழாவதுக்கு இல்லைன்னு போட்டவங்களத் தேடிப் போக எங்களுக்கு அனுமதி இல்ல."

நாலு கிழமையாகத் தம்புள்ளைக் கடைகளின் பின்பக்கம் நான் அலைந்தேன். என் ஜெபத்துக்குப் பதில் பத்தடி தூரத்தில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது என் பொய்.

எனக்கு இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. "இத யாரு மகள் மொழிபெயர்த்தது?"

"யாரும் இல்ல. நீங்க தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தீங்க. அவங்க சிங்களத்துலதான் சொன்னாங்க."

அப்படியென்றால் நான் "இல்லை" என்று சொன்னது அவளுக்கு விளங்கியிருக்கிறது.

திங்கட்கிழமை டொக்டரின் கடிதத்துடன் ஸ்டெல்லாவும் நானும் சீகிரியாவுக்குப் பஸ் ஏறினோம். விடுதியின் பின்னால் கயிறு கயிறாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காற்றில் எழுந்து எழுந்து விழுந்தன. நடுவே ஓர் ஆள் நிழல். அண்ணனைப் பெட்டியில் வைத்துப் போர்த்திய துணி ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டெல்லா முதுகில் கை வைத்துத் தள்ளினாள். விரிப்பை விலக்கிக்கொண்டு தனலெட்சுமி வந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். கை கன்னத்துக்குப் போனது.

"என்னண்ணே, சிரிப்புக் காட்டவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"இல்ல தங்கச்சி. மன்னிப்புக் கேக்க வந்தேன். நீங்க எரியுதுன்னீங்க. நான் இல்லன்னு எழுத வச்சிட்டேன்."

"தெரியும்ணே. பதினோரு வருஷமா இங்க சிங்களத்துலதானே பொழப்பு."

"அப்ப ஏன் சும்மா போனீங்க?"

அவள் கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். "நீங்க இல்லன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சுண்ணே. நம்ம ஆளு ஒருத்தரு, படிச்ச பிள்ளைங்க முன்னாடி இல்லங்குறாரு. அப்ப இல்லாமலே போயிரும்னு நெனச்சேன். ஒரு வருஷமா எரியுது. யாராச்சும் இல்லன்னு சொல்ல மாட்டாங்களான்னுதான் இருந்தேன்."

ஸ்டெல்லாதான் கடிதத்தை நீட்டினாள். "ரெண்டு பேரும் இல்லன்னு சொன்னது போதும். சால்வைய எடுங்க தங்கச்சி, போவோம்."

ஆஸ்பத்திரியில் கன்னத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்தார்கள். முடிவு வர மூன்று கிழமை. அண்ணனுக்காக நான் உட்கார்ந்திருந்த அதே மாதிரி நீல வாங்கு. இந்தத் தடவை என் ஜெபத்தில் நிபந்தனை எதுவும் இல்லை. "ஆண்டவரே, அவளைக் காப்பாற்றும். என்னை எங்கே வேண்டுமானாலும் காட்டிக் கொடும்." அவ்வளவுதான்.

முடிவு வந்தது. கெட்டதாக மாறத் தொடங்கிய இடம், ஆனால் ஆழமாக இறங்கவில்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். எனக்கு அவர் சொல்லத் தேவையில்லை. நான் ஒன்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனலெட்சுமி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். வேலைக்குத் திரும்பிவிட்டாள். வெற்றிலையை விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காததால் கராம்பு போட்டுக்கொள்கிறேன். மாத்தளைக்காரனுக்கு அதற்கா பஞ்சம்?

ஜெபத்துக்குப் பதில் வந்தது. அண்ணன் திரும்பி வரவில்லை. சில காலைகளில் கண்ணாடியில் அந்தக் கை இன்னும் வருகிறது. ஆண்டவர் அதை எடுத்துவிடவில்லை, எடுக்கச் சொல்லி நானும் இப்போது கேட்பதில்லை. முகாமுக்குத் தொடர்ந்து போகிறேன். ஏழாவது கேள்வியை ஒவ்வொருவரிடமும் முழுதாகக் கேட்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இதைத்தான் அற்புதம் என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி மைக்கைப் பிடித்தேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் மேலே இருந்து உங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒருவருடைய கை கன்னத்துக்குப் போனது. யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். அண்ணே, இதை வாசிக்கிறபோது நீங்கதான் என்று உங்களுக்குத் தெரியும். பயப்படாதீங்க. எரிந்தால் எரியுது என்று ஆண்டவரிடம் சொல்லுங்க. பிறகு கூட்டம் முடிந்ததும் கதிரை அடுக்குகிற இடத்துக்கு என்னிடம் வாங்க. ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன். வழியில் பகிடி சொல்ல மாட்டேன். என்ன செய்யுது என்று கேட்பேன், நீங்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.