நாற்பது கோடை மழையும் பரளச்சி பஸ்ஸும்

பரளச்சிக்கு எப்படிப் போவது என்று இந்த மாதம் மட்டும் பதினோரு பேர் எழுதிக் கேட்டுவிட்டீர்கள். நான் உருவாக்கி விற்கும் 'கண்மாய்' அட்டை விளையாட்டை ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் அங்கே ஓர் உரக்கடையில் கூடி ஆடுகிறார்கள். வழி, நேரம், செலவு எல்லாம் சொல்கிறேன். கூடவே நான் ஏன் போனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

போன சித்திரையில் ஒரு வியாழக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. "கோடை மழை விசயமாப் பேசணும். சனிக்கிழமை பரளச்சி உரக்கடைக்கு வாங்க. நீங்க வரலைன்னா நான் மதுரைக்கு வாரேன். அட்ரஸ் இருக்கு." அட்ரஸ் இவருக்கு எப்படிக் கிடைத்தது என்று பதறி, வாசல் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது, பெட்டியின் அடியில் அதை அச்சடித்து வைத்திருப்பதே நான்தான்.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: கண்மாயில் அவரவர் வயலை நனைத்து விளைய வைக்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி அட்டைகள் வேறுபடும். இல்லாததை அடுத்தவரிடம் மாற்றிக்கொள்ளலாம். எந்த அட்டை எத்தனை வரும் என்பதை நான் மட்டும் தீர்மானிப்பதில்லை, சிவகாசியில் அச்சடிக்கும் தாளும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஒரு பெரிய தாளில் ஐம்பத்து நான்கு கட்டம். ஓர் அட்டையை இரண்டு கட்டத்தில் வைத்தால் அது ஊரெல்லாம் கிடைக்கும். பழைய அட்டை ஒன்றை மறுபடி அடிக்க வேண்டுமென்றால் வேறொன்று இடத்தைக் காலி செய்ய வேண்டும். புதிதாக வருபவர்கள் எதைத் தேடி அலைகிறார்கள், எது வந்தால் ஆட்டமே படுத்துவிடுகிறது, இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்துத்தான் கட்டங்களை நிரப்புவேன்.

கோடை மழை என் தப்பு. அந்த அட்டை கையில் இருந்தால் எல்லா வயலும் ஒரே சுற்றில் நனைந்துவிடும், எதிராளி சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். முதல் பதிப்பில் நாற்பது தாள் ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மிஷினை நிறுத்தி அட்டையை மாற்றினேன். அந்த நாற்பதையும் கிழித்துப் போட்டிருக்க வேண்டும், மனசு வரவில்லை. பெட்டிகளில் கலந்துவிட்டு, பெட்டி மேல் ஒரு வரியையும் போட்டேன்: 'கோடை மழை நாற்பதே அட்டைகள். இனி எந்த வடிவிலும் அச்சிட மாட்டோம்.'

மூன்று வருடமாக அந்த மழையைக் கேட்டுத்தான் பாதிக் கடிதங்கள் வருகின்றன. ஓரத்தின் நிறத்தை மாற்றி அடித்தால் பழசு பழசாகவே இருக்கும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். 'எந்த வடிவிலும்' என்று நானே எழுதித் தொலைத்திருக்கிறேனே. இருந்தும் சபலம் விடவில்லை. இரண்டாம் பதிப்பின் கடைசிக் கட்டத்தில் மழையை வைத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. இந்தச் செய்தியும் வந்தபிறகு, மழைக்குப் பதில் 'கானல்' என்ற அட்டையையும் அனுப்பி, எதை மிஷினில் ஏற்றுவது என்று சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன். "மூணு மணி வரைக்கும் பாப்பேன்மா. போன் வரலைன்னா மொதல்ல வந்ததை ஏத்திருவேன்" என்றார் மிஷின்காரர்.

மாட்டுத்தாவணியில் 10.10 பஸ். அருப்புக்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் 48 ரூபாய். பஸ்ஸின் இடது பக்கம் உட்காராதீர்கள், அந்த நேரத்து வெயில் முகத்தில் அறையும். 11.25க்கு இறங்கி ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். 11.50க்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். அது எம்.ரெட்டியபட்டியோடு நின்றுவிட்டது. மணி 12.35. அங்கிருந்து பரளச்சிக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். வழியெல்லாம் காய்ந்த பருத்திச் செடிகளைப் பிடுங்கிப்போட்ட கரிசல் காடு. கருவேல மரம் வெட்டி எங்கோ கரிமூட்டம் போட்டிருந்த புகை மூக்கை விட்டுப் போகவே இல்லை.

"பரளச்சில எங்கக்கா எறங்கணும்?" என்றார் ஆட்டோ ஓட்டியவர்.

உரக்கடை என்றேன்.

"முருகேசண்ணன் கடையா? அவரு இப்பல்லாம் யாருகூடயும் மொகங்குடுத்துப் பேசுறதில்லையே. ஒரு மாதிரி இருக்காரு. பாத்துப் போங்க."

இன்று மின்சாரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்து வரை கரண்டு கிடையாது, கரண்டு இல்லையென்றால் டவரும் இல்லை என்று அவரே சொன்னார். போனைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மூன்று மணிக்குள் சிவகாசிக்குப் பேச வேண்டியவள் நான்.

முருகேசன் ஐம்பது வயதைத் தாண்டிய கனத்த மனிதர். "வாங்கம்மா, வெக்கை உள்ள வருது" என்று நான் நுழைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். திரும்பி ஓடலாமா என்று பார்த்தேன். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது. பெயர் ஜசீனா, அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார், கணவர் சவுதியில். யூரியா மூட்டைகள் மேல் பலகை போட்டிருந்தார்கள். அதுதான் நீங்கள் கேள்விப்பட்ட பரளச்சி மேஜை. பதினான்கு பேர் ஆடிய மேஜையில் அன்று இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

முருகேசன் ஒன்பது கோடை மழைகளை வரிசையாகப் பரப்பினார். மாற்றி மாற்றியே சேர்த்தவை. "இது வந்ததுல இருந்து நான் தோக்கல. எந்நேரமும் நானே ஜெயிச்சா எவன் வருவான்? ஒருத்தன் ரெண்டு பேரா எல்லாரும் நின்னுட்டாக. எல்லாருக்கும் கெடைக்கிற மாதிரி அடிச்சு விடுங்கம்மா. இதக் கேக்கத்தான் வரச் சொன்னேன்."

இதைக் கேட்கத்தானா இத்தனை மிரட்டல்! எனக்கு வேண்டிய பதிலே கிடைத்துவிட்டது. போன் செய்யவே வேண்டாம், மழை தானாக அச்சில் ஓடிவிடும் என்று எழுந்திருக்கப் போனேன்.

"அடிக்கக் கூடாதுக்கா" என்றார் ஜசீனா. "எங்க வீட்ல அவுக லீவுல வந்தப்ப, தங்கிட்ட இருந்த அட்டை அம்புட்டையும் குடுத்து ஒரே ஒரு மழை வாங்குனாக. பெட்டியில இருக்குற வரிய எனக்கு வாசிச்சுக் காட்டி, 'எழுத்துலயே குடுத்திருக்காக பாரு'ன்னு சொன்னாக. இப்பவும் போன் பண்ணா, மழை பத்திரமா இருக்கான்னு கேப்பாக. நீங்க ஆயிரக்கணக்குல அடிச்சு விட்டா நான் அவுககிட்ட என்னன்னு சொல்ல?"

பிறகு ஜசீனா முருகேசன் பக்கம் திரும்பினார். "ஆளு வேணும்னா கையில இருக்குறதக் குடுங்கண்ணே. அதுக்கு எதுக்கு அக்காவ அச்சடிக்கச் சொல்றீக?"

முருகேசன் குனிந்து ஒன்பது அட்டைகளையும் ஒரு தடவை எண்ணினார். வேர்வை பலகையில் சொட்டியது. பிறகு எட்டு அட்டைகளை எங்கள் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு எனக்கு. மத்ததைப் பழைய ஆளுகளுக்கு நானே வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கேன்." நான் பெட்டி வரியைக் காப்பாற்றுவதாக இரண்டு பேரிடமும் வாக்குக் கொடுத்தேன். மணி 2.20.

சிக்னல் தேடி முருகேசனே தன் பைக்கில் என்னை ரெட்டியபட்டிக்கு விரட்டிக்கொண்டு போனார். 2.41க்குப் போன் உயிர் பெற்றது. இன்னும் பத்தொன்பது நிமிடம் இருக்கிறது என்ற தெம்பில் பேசினேன்.

"இங்க மானம் கருத்துக்கிட்டு வந்துச்சும்மா" என்றார் மிஷின்காரர். "மழை எறங்கிக் காத்துல ஈரம் ஏறுச்சுன்னா தாளு நெளிஞ்சிரும், கலரு ஒண்ணுமேல ஒண்ணு உக்காராது. அதான் மொதல்ல வந்ததை ரெண்டு மணிக்கே ஏத்திட்டேன். மூவாயிரம் தாளும் ஓடிருச்சு."

முருகேசன் பைக்கை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "நிறுத்தியாச்சாம்மா?"

"நிறுத்தியாச்சு" என்றேன். அன்றைக்கு அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தப் பொய்யைப் பயத்தில் சொன்னேன், வேறு காரணம் இல்லை. திங்கட்கிழமை சிவகாசிக்குப் போய், தாள்களை வெட்டும்போது பக்கத்திலேயே நின்று, மழையை மட்டும் தனியாக எடுத்துத் துண்டு துண்டாக நறுக்க வைத்தேன். நறுக்கும் முன் எண்ணினேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. பதினான்கு குறைந்தது. "மிஷின்ல கலரு சரியா உக்கார்ற வரைக்கும் வீணாப்போன தாளா இருக்கும்மா" என்றார் அவர். அப்படித்தான் இருக்க வேண்டும். வீணான தாள்களைப் பழைய பேப்பர்காரர் காலையிலேயே எடுத்துப் போய்விட்டார். அதன் பிறகு கதவு தட்டும்போதெல்லாம், யாரோ ஒருவர் கையில் புது மழையோடு நிற்கிறார் என்றே தோன்றுகிறது.

பரளச்சி போகிறவர்கள் தண்ணீர் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடை உள்ள சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். திரும்ப 5 மணிக்குள் கிளம்பினால் மதுரைக்கு எட்டரைக்கு வந்துவிடலாம். ஓர் ஆளுக்குப் போக வர 200 ரூபாய் தாராளம். மேஜையில் இப்போது பதினோரு பேர் ஆடுகிறார்கள் என்று கேள்வி. யாராவது உங்களிடம் கோடை மழை கொடுக்க வந்தால் ஓரத்தைப் பாருங்கள். பழசில் வெட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். நேராக இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நீங்களாக ஒரு வரியை அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால், அதை யார் யாருக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

மழை அச்சானதையும் நான் பொய் சொன்னதையும் ஜசீனா ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது. நேற்று அவருக்கு, நேரில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இந்தச் சனிக்கிழமை 10.10 பஸ்ஸில் வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"வாங்கக்கா. அவுகளும் லீவுல வந்திருக்காக. பெட்டிய எடுத்து வைக்கச் சொல்லிருக்காக, உங்ககிட்ட அந்த வரிக்குக் கீழ கையெழுத்து வாங்கணுமாம்."