சந்திரமதி ஒத்துக்கொள்ளாத முடிவு

சிராங்கூன் சாலைக் கிடங்கு ஒன்றில் மிளகாய் இடித்துப் பிழைத்தவள் சந்திரமதி. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த மூன்றாம் வருடமே அவள் புருஷன் கோவிந்தசாமி வேறொருத்தியோடு குடித்தனம் போனான். தெருவில் எதிர்ப்பட்டால் அவள் ஒதுங்கமாட்டாள். அவன்தான் எதிர்ச்சாரிக்கு மாறுவான்.

அவனுக்கு நல்ல குரல். ஊமைப்படக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்லும் வேலை கிடைத்தது. 1921இல் வெள்ளைக்காரக் காதல் படம் ஒன்று வந்தது. பேர் வாங்காத படம். ஒரு வாரம் ஓடினால் அதிகம். அதில், கட்டியவளை விட்டு ஓடிய மாலுமி பல வருடம் கழித்து அவள் வாசலில் வந்து நிற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குச் சந்திரமதியும் போனாள். திரையில் மாலுமி கை நீட்டினான். அந்தப் பெண் அவனை வெறித்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கண்ணீரை மறைக்கத்தான் உள்ளே போகிறாள், பத்தினியல்லவா, மன்னித்துவிட்டாள் என்றான் கோவிந்தசாமி. கூட்டம் கைதட்டியது.

சந்திரமதி எழுந்தாள். “பொய். அவ மன்னிக்கல. இவன் என்னை விட்டுட்டு ஓடினவன், அதான் கதையை மாத்துறான்.”

பொம்பளை ஒருத்தி புருஷனை ‘அவன் இவன்’ என்பதா என்று ஆண்கள் கொதித்தார்கள். கடலைத்தோலை எறிந்தார்கள். வாசல்காவலர் அவளைப் பிடித்து வெளியே தள்ளினார்.

மறுநாள் கிடங்குப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு வந்தாள். கதவு சாத்தப்பட்டதும் எல்லோரும் சேர்ந்து, “மன்னிக்கல” என்றார்கள். தினமும் வந்தார்கள். வியாழக்கிழமை ஆண்களும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். கோவிந்தசாமிக்குக் குரல் உடைந்தது. அவளுக்குப் பைத்தியம் என்று கத்தினான், சிரிப்பு அதிகமானது. கொட்டகைக்காரர் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவன் ஈப்போவுக்குப் போனான்.

அவளுக்கும் நல்லது நடக்கவில்லை. புருஷனைச் சந்தி சிரிக்க வைத்தவள் தனக்கு வேண்டாம் என்று கிடங்கு முதலாளி விரட்டினார். கூட வந்த பெண்களும் அதன் பிறகு முகம் கொடுக்கவில்லை. பிடோக் பக்கம் தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கப் போய், கடைசிவரை அங்கேயே இருந்தாள்.

ஆறு வருடம் கழித்து கோவிந்தசாமி செத்த சேதியை ஒருவர் கொண்டுவந்தார். தாலியை இறக்க வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அதை அவன் ஓடின அன்னைக்கே வித்துத் தின்னாச்சு” என்றாள். வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.