மடித்த சட்டைக்கை

தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லாருக்கும் அவள் பிரஷர் அக்காதான். தோளில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, காலில் நடந்து நடந்து தேய்ந்த செருப்பு. ஆலை மதிலை ஒட்டிய இந்தத் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டுவதே பெரும்பாடு. வசதியானவர்கள் இருக்கும் மேட்டுக் குடியிருப்பிலோ எழுபது வயதுக்காரர்கள் காலையில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் இப்படி என்று கண்டுபிடிக்கத்தான் அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி. இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா என்று கேட்டால் சம்பளம் நின்றுவிடும், அதனால் அவள் கேட்கவில்லை.

ஆராய்ச்சிக்கு ஒரு விதி இருந்தது. குலுக்கலில் விழுந்த வீடுகளில் மட்டும்தான் ஆண்டுதோறும் அளவெடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கெஞ்சினாலும் கருவியை வெளியே எடுக்கக் கூடாது. "ஒருத்தருக்கு இரக்கப்பட்டா தெருவே கைய நீட்டும்" என்பார் மேற்பார்வையாளர்.

வெல்டிங்காரர் வீடு குலுக்கலில் விழவில்லை. ஆனாலும் அவள் வருகிற நாளில் மனிதர் இடது சட்டைக்கையைத் தோள்வரை மடித்துவிட்டு வாசற்படியில் தயாராக உட்கார்ந்திருப்பார்.

"தல கிர்ருங்குதும்மா. எனக்கும் ஒரு தடவ பாத்துடேன்."

"உங்க வீடு வரலண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"போனா ஒருநாள் கூலி போச்சு. சரி, அடுத்த தடவயாவது குலுக்கல்ல என்னயும் போட்டுக் குலுக்கு" என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள். என்ன சிரிப்பு வேண்டிக்கிடந்ததோ.

இந்த ஆண்டு படி காலி. வேலை செய்த இடத்திலேயே சுருண்டு விழுந்தவர், மூளையில் ரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்துவிட்டார். சேதி கேட்டதிலிருந்து அவளுக்குப் போகிற இடமெல்லாம் அந்தக் கைதான். பேருந்தில் முன்னால் நிற்பவன் சட்டைக்கையை மடித்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டில் புருஷன் பாத்திரம் கழுவக் கையை மடித்தபோது "இறக்கி விடுங்க" என்று கத்திவிட்டாள். பாவம், மனிதர் அன்றுமுதல் ஈரச் சட்டையோடுதான் கழுவுகிறார்.

இன்னொரு விதியும் இருந்தது. அளவெடுக்கத்தான் குலுக்கல், சாவுக்குக் கிடையாது. தெருவில் யார் இறந்தாலும் வீட்டுக்குப் போய், என்ன செய்தது, எப்படிப் போனார் என்று விசாரித்து வர வேண்டும். அப்படித்தான் அந்த வாசற்படியை அவள் முதல்முறையாகத் தாண்டினாள்.

வெல்டிங்காரர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"கடைசி மாசத்துல அண்ணனுக்குத் தலசுத்தல் ஏதாவது இருந்துச்சாக்கா?"

"அத என்கிட்டயா கேக்குற? உன்கிட்டதான வருஷா வருஷம் சொன்னாரு."

பிரஷர் அக்கா விசாரணைப் படிவத்தை மூடி மடியில் வைத்தாள்.

"உசுரோட இருந்தப்ப எங்க வீடு வரல. செத்தப்புறம் வந்துடுச்சு. அப்படித்தான?" குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

எதிரே ஆணியில் அவருடைய சட்டை தொங்கியது. இடது கை மடித்தபடியே இருந்தது, யாரும் இறக்கிவிடவில்லை. விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று அவள் கருவியை வெளியே எடுத்தாள்.

"கைய நீட்டுங்கக்கா."

"எங்க வீடுதான் வரலையே."

"நீட்டுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பட்டை இறுகித் தளர்ந்தது. எண்ணைப் பார்த்தவள் மறுபடியும் அளந்தாள். குறையவில்லை, ஏறித்தான் இருந்தது.

"எவ்வளவு?"

சொன்னாள். "செருப்பப் போடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வர்றேன்."

அந்தம்மாள் எழுந்திருக்கவில்லை. ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கும் இவ்வளவுதான் இருந்திருக்குமா?"

பிரஷர் அக்காவுக்குத் தெரியவில்லை. இனி எந்த ஆராய்ச்சிக்கும் தெரியப்போவதில்லை.