குறுக்குப் பட்டை வைத்த ஹெலிகாப்டர்

எங்கள் எஸ்டேட்டில் எஞ்சின் வைத்தது எதுவாக இருந்தாலும் அது என் பொறுப்பு. காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர், ஜெனரேட்டர், மருந்தடிக்கும் மோட்டார், புல் வெட்டும் மெஷின். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. எஞ்சினை ஓட வைத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான் போனது.

முதலாளியின் மாப்பிள்ளை வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து, இப்போது சென்னையில் இருப்பவர். போன காபிப் பருவத்தில் வந்து பங்களாவில் தங்கினார். கூடவே ஒரு ரிமோட் ஹெலிகாப்டர் கொண்டுவந்திருந்தார். பேட்டரியில் ஓடுவதல்ல, பெட்ரோலில் ஓடுவது. இரண்டு கையையும் அகல விரித்தால்தான் அதைத் தூக்க முடியும். உள்ளே பார்த்தால் புல் வெட்டும் மெஷினில் இருப்பது போன்ற எஞ்சின். அதைப் பார்த்ததும் எனக்குக் கூச்சம் பாதி போய்விட்டது.

வந்த வாரம் பங்களா வாசலில் எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்த்தார். அதிர்வில் ஃபிரேம் விரிசல் விட்டது. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே எஞ்சின் தொங்கும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டு ஓட்டையிலிருந்து ஒரு தகட்டில் முடி போலக் கோடு ஓடியிருந்தது. என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

பல்பர் கொட்டகைக்கு அவரே எடுத்து வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன்.

"வேண்டாண்ணா."

"ஒரு வாய் குடிங்க சார்."

"வேண்டாம்."

"பால் எங்க ஊட்டு மாட்டுதுங்க."

"அண்ணா, வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று சிரித்தார்.

எனக்கு அது புதிதாக இருந்தது. எங்கள் பக்கம் நீட்டியதும் வாங்குகிறவனைப் பறக்காவெட்டி என்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாவது தடவை கேட்பதும் மரியாதை. பசியோடு போன வீட்டிலும் அப்படித்தான் நடந்துகொள்வோம்.

விரிசல் மேலே போகாமல் இருக்க அது முடியும் இடத்தில் சின்ன ஓட்டை போட்டேன். பிறகு வெள்ளக்கடை ஊர்ப் பக்கத்துப் பைக்குகளுக்குச் செய்கிற வேலையைச் செய்தேன். காபி மூட்டை ஏற்றி மேடு ஏறும் பைக்குக்கு ஃபிரேமில் இரும்புப் பட்டை வைப்போம். இதற்கும் அதையே வைத்து ரிவெட் அடித்தேன். மறுபடி எஞ்சினை ஓட்டியதில் பட்டை முடிகிற இடத்தில் புது விரிசல். பளுவும் கூடிவிட்டது.

பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு எஞ்சினை மெதுவாக ஓட்டி, தகடுகள் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து ஆடவில்லை. படி கழன்ற ஏணியின் கால்கள் போல ஆளுக்கொரு பக்கம் ஆடின. பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து அலுமினியத் துண்டுகள் அறுத்து, இரண்டு தகடுகளையும் குறுக்கே இணைத்தேன். விரிசல் விட்ட இடத்தில் மெல்லிய அலுமினிய ஒட்டு. இந்த முறை அதிர்வு கைக்கு ஒரே சீராக வந்தது.

அவருக்கு நம்ப முடியாத சந்தோஷம். "களம் காலியானதும் நான் ஒரு ரவுண்டு பார்த்துட்டுத் தரேன். அப்புறம் நீங்க ஓட்டணும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஓட வைப்பவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இந்த மலையில் சமதரை என்பது காபி காயவைக்கும் களம்தான். காபி மூட்டைக்குப் போகும்வரை அதில் செருப்புக் காலும் படக்கூடாது. அதனால் நாட்கள் கிடைத்தன. சாயங்காலம் பங்களா வராந்தாவில் அவருடைய கம்ப்யூட்டர் திரையில் பறக்கும் பொம்மை ஹெலிகாப்டரை வைத்து என்னைப் பழக்கினார். முதலில் கணக்கில்லாமல் கீழே போட்டேன். பிறகு அந்தரத்தில் அசையாமல் நிறுத்தக் கை பழகியது.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கேலியை விடவில்லை. "ஏனுங்க பைலட்டு, சேலத்துக்கு எனக்கொரு சீட்டுப் போடுங்க. பஸ்ஸுல வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தே செத்துப் போறேன்."

என் மனைவியின் கணக்கு வேறு. "ஊட்டு மிக்சி வாயப் பொளந்துட்டுக் கெடக்குது. இவரு ஆகாயத்துக்குப் பட்ட வெக்கறாரு." சொன்னாளே தவிர, களம் காலியான அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரைட்டர், வேலைக்காரர்கள், எல்லோரும் இருந்தார்கள். மாப்பிள்ளை ஏற்றி, களத்தைச் சுற்றிவந்து, இறக்கினார். ஃபிரேமை நான் தொட்டுப் பார்த்தேன். ஒரு போல்ட்டுகூட அசையவில்லை. அவர் ரிமோட்டை என் பக்கம் நீட்டினார்.

"வாங்கண்ணா, பிடிங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையைச் சட்டையில் துடைத்துத் தயாராகத்தான் வைத்திருந்தேன். வாய் மட்டும், "பரவால்லீங்க சார், நீங்களே ஓட்டுங்க" என்றது.

"சரிண்ணா" என்று அவர் திரும்பிக்கொண்டார்.

அவர் பக்கத்திலேயே நின்றேன். மறுபடி கேட்பார் என்று நின்றேன். ஹெலிகாப்டர் சில்வர் ஓக் மர உயரத்துக்குப் போனது, திரும்பி வந்தது. பெட்ரோல் தீர்ந்தது. நான்தான் ஊற்றினேன். மறுபடி ஏற்றினார். பனிமூட்டம் களத்தை மூடும்வரை அவர் கேட்கவில்லை. மறு வாரம் பெட்டி கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டாள்.

"நீட்டுனப்ப வாங்கறதுக்கு என்ன?"

"இன்னொருக்கா கேப்பாருன்னு இருந்தேன்."

"வாங்கியிருந்தா உங்களப் பறக்காவெட்டின்னு சொல்ல அங்க ஆரு இருந்தா?"

"நீ இருந்தீல்ல."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அவர் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று முதல் நாளே சொன்ன மனிதர். ஆனால் அங்கே நின்ற மற்றவர்கள் எல்லோரும் இந்த மலைக்காரர்கள். முதல் தடவை மறுத்தவனை மறுபடி கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். "அட, அவருகிட்ட குடுங்க சார்" என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். என்னை மாதிரி ஆளுக்கு மெக்கானிக் வேலையே போதும் என்று நினைத்திருப்பார்கள். ஒருவேளை எதையுமே நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டில் எது அதிகக் கசப்பு என்று தெரியவில்லை.

போன மாதம் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் ரைட்டரைப் பார்த்தேன். மாப்பிள்ளை சென்னையில் ஏதோ மைதானத்தில் ஓட்டிய வீடியோ அனுப்பியிருக்கிறாராம்.

"உங்க ஃபிரேமு இன்னும் அப்படியே நிக்குதுங்க. பாக்கறீங்களா?"

"வேண்டாங்க."

"அட, சும்மா பாருங்க."

"வேண்டாங்க."

"ஒரு நிமிசந்தான்" என்று ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டினார். அன்று களத்தில் கைகட்டி நின்ற மனிதர், மூன்று தடவை கேட்டார். பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.