பாலகிருஷ்ணன் படத்துக்கு ஒரு சுவர்

சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் குப்பையை அள்ளுகிறவர் பாலகிருஷ்ணன். மாடிகளிலிருந்து குப்பைக் குழாய் வழியே விழுவதையெல்லாம் பெரிய பச்சைத் தொட்டிகளில் சேர்த்து, லாரி வரும் இடத்துக்குத் தள்ளிப் போவார். அந்தக் குழாயில் நாங்கள் கண்டதையும் போடுவோம், சாமிப் படத்தை மட்டும் போட மாட்டோம். அவ்வளவு பக்தி! வீடு மாறும்போது அதைத் தொட்டி அறை வாசலில் நைசாக வைத்துவிட்டு நழுவிவிடுவோம். பாவம் அவர் தலையில்.

அவற்றை வீச அவருக்கும் கை வராது. துடைத்து, அறைக்குள் பலகை அடித்து நிறுத்தியிருக்கிறார். முருகன், லட்சுமி, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பிள்ளையார்.

வர்ஷா என்ற மாணவி, குப்பை வேலை பார்ப்பவர்களைப் படமெடுக்கிறேன் என்று கேமராவோடு வந்து அவர் பின்னால் சுற்றினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நம்மவர் கடைத்தெருவான தேக்காவில் தீபாவளி விளக்கெல்லாம் ஜெகஜ்ஜோதியாக எரிய, இந்தப் பெண் ஏன் மீன் நாற்றத்தில் நிற்கிறாள்? சிரிக்கவா என்று கேட்டார். வேண்டாம், வேலையைப் பாருங்கள் என்றாள்.

போகும்போது ஒரு படத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டுக் கொடுத்தாள். கறுப்பு வெள்ளை. அடையாள அட்டையில் திருடனைப்போல் முழிக்கும் முகம் இதில் அழகாக இருந்தது. ஆசையாய் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மனைவி சிவகாமசுந்தரி பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். கறுப்பு வெள்ளையில், தன்னந்தனியாக ஒரே முகம். நம் வீடுகளில் அப்படி யாரை மாட்டுவோம்? மாலையும் சின்ன பல்பும்தான் பாக்கி.

"உசுரோட இருக்கிற மனுஷனை நான் சுவத்துல மாட்ட மாட்டேன்."

"அப்ப என் மூஞ்சி இந்த வீட்டுச் சுவத்துல ஏற நான் செத்தாதான் முடியுமா?"

சிவகாமசுந்தரி சமையலறைக்குப் போய்விட்டார். பாலகிருஷ்ணனுக்குக் கோபமில்லை, குழப்பம்தான். அவள் சொல்வதும் சரி, படமும் நல்ல படம். ஊரார் படத்தையே வீசாதவர், தன் படத்தை எங்கே வீசுவது? மறுநாள் வேறு வழி தெரியாமல் தொட்டி அறையில் பிள்ளையார் பக்கத்தில் வைத்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. அந்தப் படங்களுக்கு வாராவாரம் பூ வைக்கும் கீழ்வீட்டு இரஞ்சிதம் வந்தபோது அவர் தொட்டி தள்ளப் போயிருந்தார். படத்தைப் பார்த்து ஆடிப்போன இரஞ்சிதம், அதற்கும் மல்லிகை வைத்துக் கும்பிட்டார். பிறகு தேக்கா மார்க்கெட்டில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சிவகாமசுந்தரியின் கையைப் பிடித்து அழுதுவிட்டார்.

காலையில் நன்றாகத்தானே கிளம்பினார்? சிவகாமசுந்தரி பையை அங்கேயே போட்டுவிட்டு டாக்சி பிடித்தார். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. உள்ளே பாலகிருஷ்ணன் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். மனைவி ஏன் அழுகிறாள், தன் படத்துக்கு ஏன் பூ, ஒன்றும் விளங்காமல் ஹோஸ் பைப்போடு நின்றார்.

சிவகாமசுந்தரி அந்தப் பூவை எடுத்துப் பிள்ளையாருக்கு வைத்தார். பலகையை, தொட்டிகளை, கணவரின் ஈரச் சட்டையைப் பார்த்தார்.

"தனியா நிக்கிறதாலதானே இந்த வம்பு. படம் எடுத்த அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. நானும் நிக்கிறேன்."

இப்போது அவர்கள் ஹாலில் கலர் படம் தொங்குகிறது. இருவர், பின்னால் சாமிகள். எந்தக் கோயில் என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். பழைய படம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். மனைவி அதைத் தன் கூறைப்புடவையில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாராம்.

"இருக்கட்டும், அதுக்கு இப்ப என்ன அவசரம்னு சொல்றா," என்றார் பாலகிருஷ்ணன். "சந்தோஷப்படுறதா பயப்படுறதா, தெரியல லா."